ஜேசான் கீகளின் வரிசை: ஒரே இரவில் எல்லாப் பதிவும் "மாறியது" என்று வந்தால்

பேருந்து நிறுத்தங்களின் பட்டியலை ஜேசான் என்ற தரவுப் பரிமாற்ற வடிவில் இரவுதோறும் இறக்கி, முந்தைய நாள் பட்டியலோடு ஒப்பிட்டு, மாறிய நிறுத்தங்களை மட்டும் எடுத்துத் தரும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று. பதிவு ஒவ்வொன்றுக்கும் ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறி) எடுத்து, நிறுத்தத்தின் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். மறுநாள் ஹாஷ் வேறாக இருந்தால் அந்தப் பதிவு மாறிவிட்டது என்று கணக்கு. வழக்கமாக நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மாற்றம் வரும் இடத்தில், ஒரு காலையில் பட்டியலிலுள்ள அத்தனை பதிவும் மாறியதாக வந்து நிற்கிறது. பெயர் மாறவில்லை, தொலைவு மாறவில்லை, இடம் மாறவில்லை. ஸ்கிரிப்டிலும் யாரும் கைவைக்கவில்லை.

இந்தக் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைச் சரிசெய்தால் தீரும், சரிசெய்த பிறகும் எது மிஞ்சும் என்பது இந்தக் கட்டுரை. பைத்தான் செயற்கூறுகளின் பெயர்கள் ஒலிப்புப்படி எழுதப்பட்டிருக்கின்றன. எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். எடுத்துக்காட்டுத் தரவில் கீகள், அதாவது மதிப்புகளின் பெயர்கள், தமிழிலேயே இருக்கின்றன. ஜேசானுக்கும் பைத்தானுக்கும் அதில் ஒரு தடையும் இல்லை. தமிழ்க் கீகளுக்கே உரிய ஒரு சிக்கலும் பின்னால் வருகிறது.

இரண்டு நாளையும் பக்கத்தில் வைத்தால்

ஒரே ஒரு பதிவை எடுத்து, இறக்கிய ஃபைலில் இருந்தபடியே, எந்த அழகுபடுத்தலும் செய்யாமல் பார்க்க வேண்டும். பார்வைக்கு வசதியாக வடிவமைத்துக் காட்டும் கருவிகள் சிலவேளை கீகளைத் தாமாகவே வரிசைப்படுத்திவிடும். அதில் பார்த்தால் கோளாறே தெரியாது.

நேற்று:
{"எண்": 118, "பெயர்": "கோயம்பேடு", "தொலைவு": 7.5, "இடம்": [80.19, 13.07]}

இன்று:
{"எண்": 118, "இடம்": [80.19, 13.07], "பெயர்": "கோயம்பேடு", "தொலைவு": 7.5}

தரவு ஒன்றுதான். கீகளின் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் இன்றைய வரிசையை இன்னும் கொஞ்சம் கவனித்தால், அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடலாம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். "எண்" என்பதில் எ, ண, புள்ளி என மூன்று குறிகள், 9 பைட். "இடம்" 12 பைட். "பெயர்" 15. "தொலைவு" 18. அதாவது இன்றைய வரிசை குட்டையிலிருந்து நெட்டைக்கு நேராக ஏறுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஜேசான்பி வகை கீகளை இப்படித்தான் அடுக்கும்: முதலில் நீளம், நீளம் சமமானால் பைட் வரிசை. அதே தரவுத்தளத்தின் பழைய ஜேசான் வகையோ உள்ளே போன எழுத்தை அப்படியே வைத்திருந்து திருப்பித் தரும். ஆகவே சர்வர் பக்கத்தில் அந்த நெடுவரிசையின் வகையை ஜேசானிலிருந்து ஜேசான்பிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பது மிக வலுவான ஊகம். தேடலும் இண்டெக்ஸும் ஜேசான்பியில்தான் வேகம் என்பதால் இது எல்லோரும் செய்கிற மாற்றம். அவர்கள் செய்ததில் தவறும் இல்லை.

தவறு இல்லை என்று உறுதியாகச் சொல்லக் காரணம், ஜேசானின் வரையறையே. 2017 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற இணையத் தர ஆவணம், ஆப்ஜெக்ட் என்பது வரிசையற்ற தொகுப்பு, அரே என்பது வரிசையுள்ள தொடர் என்று வகுத்துச் சொல்கிறது. நெளி அடைப்புக்குள் இருப்பதற்கு வரிசை கிடையாது. சதுர அடைப்புக்குள் இருப்பதற்கு உண்டு. கீகளின் வரிசையை நம்பாமல் எழுதிய நிரல்கள்தாம் ஒன்றோடொன்று சிக்கலின்றிப் பேசும் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அனுப்புகிறவர் நாளொரு வரிசையில் அனுப்பினாலும் அது செல்லும். பெறுகிறவர்தான் தாங்க வேண்டும்.

வரிசை எப்படிக் கசிகிறது

ஸ்கிரிப்டில் பதிவைப் படிப்பது ஜேசான்.லோட்ஸ். ஹாஷ் எடுக்கும் முன் அதைத் திரும்ப எழுத்தாக்குவது ஜேசான்.டம்ப்ஸ். இடையில் பைத்தான் டிக்ஷனரி, அதாவது கீயும் மதிப்பும் இணையிணையாக இருக்கும் அமைப்பு. லோட்ஸ் கீகளை எழுத்தில் வந்த வரிசையிலேயே டிக்ஷனரியில் போடுகிறது. டிக்ஷனரி போட்ட வரிசையை மறப்பதில்லை. டம்ப்ஸ் அந்த வரிசையிலேயே எழுதித் தருகிறது. சர்வரின் வரிசை ஒரு சொட்டும் சிந்தாமல் ஹாஷ் வரைக்கும் போய்ச் சேர்கிறது.

டிக்ஷனரி எப்போதும் இப்படி இருக்கவில்லை. பைத்தானின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தானில் 3.3 முதல் 3.5 வரை, ஸ்ட்ரிங்குகளின் (எழுத்துத் தொடர்களின்) உள் ஹாஷ் ஒவ்வொரு ஓட்டத்திலும் தற்செயலாக மாறும். அதனால் கீகளின் வரிசையும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். 2012-ல் ரேமண்ட் ஹெட்டிங்கர் முன்வைத்த இறுக்கமான டிக்ஷனரி அமைப்பை அடிப்படையாகக் கொண்டு 2016 டிசம்பரில் வெளிவந்த 3.6-ல் டிக்ஷனரியை மாற்றி எழுதினார்கள். நோக்கம் நினைவகச் சிக்கனம். 3.5-ஐவிட 20 முதல் 25 சதவீதம் குறைந்தது. செருகிய வரிசை நிலைத்தது அதன் பக்க விளைவு. 2018 ஜூனில் வந்த 3.7-ல்தான் அது மொழியின் உறுதிமொழியாக ஆனது.

பழைய பைத்தானில் இதே ஸ்கிரிப்ட் எழுதிய மறுநாளே உடைந்திருக்கும். வரிசையை நம்ப முடியாது என்பது அப்போது எல்லோர் கையிலும் சுட்ட பாடம். இப்போது வரிசை நிலையாக இருப்பதால் குறை உள்ளேயே ஒளிந்திருந்து, எதிர்முனையில் யாரோ ஒரு மாற்றம் செய்கிற நாளில் வெளிப்படுகிறது. 3.7 தரும் உறுதி, போட்ட வரிசை மாறாது என்பது மட்டுமே. எந்த வரிசையில் போடப்பட்டது என்பதற்கு அது பொறுப்பில்லை.

சர்வர் மட்டுமல்ல, தரவு எந்த மொழி வழியாக வந்தாலும் வரிசை மாறலாம். கோ மொழியில் மேப் ஒன்றை ஜேசானாக்கினால் கீகள் அகர வரிசையில் வரும். ஜாவாஸ்கிரிப்டில் "27", "15" போல முழு எண்ணாகத் தெரியும் கீகள், எப்படி எழுதியிருந்தாலும் ஏறுவரிசையில் முன்னே வந்து நிற்கும். தட எண்ணைக் கீயாக வைத்த தரவு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இடைச்சேவை வழியாக வந்தால் வரிசை அங்கேயே போய்விட்டது.

ஹாஷே வேண்டாம் என்றால்

சரிசெய்யும் முன் ஒரு கேள்வி: ஹாஷ் தேவைதானா? நேற்றைய பதிவு முழுசாகக் கையில் இருந்தால், இரண்டையும் லோட்ஸ் செய்து சமக்குறி இரண்டு போட்டு ஒப்பிட்டாலே போதும். பைத்தான் டிக்ஷனரிகளை ஒப்பிடும்போது வரிசையைப் பார்ப்பதில்லை, உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும். லிஸ்டுகளை ஒப்பிடும்போது பார்க்கும். ஜேசானின் வரையறையும் அதுவேதான். மேலே உள்ள இரண்டு வரிகளையும் ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் ஃபால்ஸ்; லோட்ஸ் செய்து ஒப்பிட்டால் ட்ரூ.

ஒரு விதிவிலக்கு: லோட்ஸுக்கு ஆப்ஜெக்ட்_பேர்ஸ்_ஹூக் வழியாக ஆர்டர்ட்டிக்ட் கொடுத்திருந்தால், இரண்டு ஆர்டர்ட்டிக்டுகளை ஒப்பிடும்போது வரிசையும் சேர்த்தே பார்க்கப்படும். 3.7-க்கு முந்தைய காலத்து நிரல்களில் இது நிறைய ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அதற்குத் தேவை இல்லை, எடுத்துவிடலாம்.

நேற்றைய தரவை வைத்திருக்க இடமில்லை, அல்லது ஹாஷையே கேஷ் கீயாக (சேமித்ததைத் தேடி எடுக்கும் பெயராக) பயன்படுத்துகிறோம் என்றால் மட்டும் மேலே தொடர வேண்டும். இங்கே பைத்தானின் உள்ளமைந்த ஹாஷ் செயற்கூற்றைத் தொடவே கூடாது. ஸ்ட்ரிங்குகளுக்கு அது தரும் எண் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். ஹாஷ்லிப்பில் உள்ள ஷா256 போதும்.

முதல் திருத்தம்

எழுத்தாக்கும் வரியை இப்படி மாற்ற வேண்டும்:

ஜேசான்.டம்ப்ஸ்(பதிவு, சார்ட்_கீஸ்=ட்ரூ, என்ஷ்யூர்_ஆஸ்கி=ஃபால்ஸ், செப்பரேட்டர்ஸ்=(",", ":"), அலவ்_நான்=ஃபால்ஸ்).என்கோட்("யூடிஎஃப்-8")

சார்ட்_கீஸ் எல்லா அடுக்கிலும் உள்ள டிக்ஷனரிகளின் கீகளை வரிசைப்படுத்தும், லிஸ்டுகளைத் தொடாது. நம் பதிவு இடம், எண், தொலைவு, பெயர் என்ற வரிசைக்கு வந்துவிடும். செப்பரேட்டர்ஸ் கொடுக்காவிட்டால் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின் ஓர் இடைவெளி விழும். ஹாஷ் எடுக்கும் இரண்டாவது நிரல் வேறு மொழியில் இருந்தால் அந்த இடைவெளியே போதும், ஹாஷ் பொருந்தாது. என்ஷ்யூர்_ஆஸ்கியை விட்டுவிட்டால் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் பின்சாய்வுக் கோட்டோடு ஆறு எழுத்தாக விரியும். "பெயர்" என்ற 15 பைட் சொல் 30 பைட் ஆகும். ஹாஷுக்கு எதுவானாலும் சரி, ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அலவ்_நான் ஃபால்ஸ் என்று வைப்பது, எண் அல்லாத எண் (நாட்-எ-நம்பர்) உள்ளே நுழைந்தால் அப்போதே வேல்யூ எரர் எழுப்புவதற்காக. அது ஜேசானே அல்ல, இருந்தும் பைத்தான் இயல்பாக அதை எழுதவும் படிக்கவும் செய்கிறது.

இந்த வரி நிரலில் ஒரே ஒரு இடத்தில், ஒரு செயற்கூற்றுக்குள் இருக்க வேண்டும். மூன்று இடங்களில் எழுதினால் ஒன்றில் செப்பரேட்டர்ஸ் விட்டுப்போகும். அது விட்டுப்போனது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

சார்ட்_கீஸ் போட்டும் மிஞ்சுபவை

இந்தத் திருத்தத்தோடு பெரும்பாலான பொய் மாற்றங்கள் மறைந்துவிடும். ஆனால் எல்லாம் மறையாது. மிஞ்சுபவற்றில் மூன்று உண்மையிலேயே சிக்கலானவை.

முதலாவது எண்கள். தொலைவு 7.0 என்று இருந்த பதிவு 7 என்று வந்தால், பைத்தானுக்கு இரண்டும் சமம். டிக்ஷனரி ஒப்பீடு ட்ரூ என்றே சொல்லும். ஆனால் டம்ப்ஸ் ஒன்றை 7.0 என்றும் மற்றதை 7 என்றும் எழுதும். ஹாஷ் வேறு. ஜாவாஸ்கிரிப்டில் எண் வகை ஒன்றுதான் என்பதால் அது 7.0-ஐ எப்போதும் 7 என்றே எழுதும். ஆகவே தரவு அந்த வழியாக வரத் தொடங்கிய நாளில், தொலைவு முழு எண்ணாக அமைந்த நிறுத்தங்கள் மட்டும் மாறியதாக வரும். இந்தக் "குறிப்பிட்ட சில மட்டும்" என்ற அறிகுறிதான் அடையாளம்.

லோட்ஸுக்கு பார்ஸ்_இன்ட்=ஃப்ளோட் கொடுத்து எல்லாவற்றையும் ஃப்ளோட் (தசம எண் வகை) ஆக்குவது சிலர் சொல்லும் குறுக்குவழி. 9,00,71,99,25,47,40,992-ஐத் தாண்டிய முழு எண்கள் ஃப்ளோட்டில் துல்லியம் இழக்கும். நீளமான அடையாள எண்கள் இரண்டு ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. டெசிமல் ஆக்கினால் டம்ப்ஸ் அதை எழுத மறுத்து டைப் எரர் தரும். தேறிய வழி, புலத்துக்குப் புலம் முடிவு செய்வது. தொலைவை மீட்டராக்கி முழு எண்ணாக வைப்பது: ரவுண்ட்(7.5 * 1000) என்றால் 7500. ஆள்கூறுகளை 10 லட்சத்தால் பெருக்கி ரவுண்ட் செய்வது; ஆறு தசம இடம் என்பது நிலத்தில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர், பேருந்து நிறுத்தத்துக்கு அதற்குமேல் தேவையில்லை. இதைப் பொதுவான செயற்கூறாக எழுதினால் ஓரிடம் கவனிக்க வேண்டும்: பைத்தானில் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் முழு எண்ணின் உள்வகை. பூலியனா என்று முதலில் சோதிக்காமல் முழு எண்ணா என்று சோதித்தால் ட்ரூவும் எண்ணாக மாறிப்போகும்.

இரண்டாவது, தமிழுக்கே உரியது. "தொலைவு" என்ற கீயை இரண்டு விதமாக எழுதலாம், இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஒகரக் குறியை ஒரே குறியாக, 3018 என்ற யூனிகோட் எண்ணில் எழுதுவது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக, 3014, 3006 என்று இரண்டு குறிகளாக எழுதுவது மற்றொன்று. முதலாவதில் லென் 6, இரண்டாவதில் 7. பைத்தானுக்கு இவை இரண்டு வேறு ஸ்ட்ரிங்குகள். டிக்ஷனரியில் இரண்டு வேறு கீகள். பதிவைத் திறந்து பார்த்தால் "தொலைவு" கண்முன்னே இருக்கும்; பதிவு["தொலைவு"] என்று கேட்டால் கீ எரர் வரும். ஓகாரமும் அப்படியே: 3019 அல்லது 3015, 3006. "கோயம்பேடு" என்ற மதிப்பிலும் இதே சிக்கல் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் ஸ்ட்ரிங்கை அச்சிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஆர்ட் போட்டு எண்களாகப் பார்க்க வேண்டும். தீர்வு யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ், என்எஃப்சி வடிவம். அது கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கிவிடும். ஆனால் அது மாயக்கோல் அல்ல. ஔகாரத்துக்குக் கொம்பு போட்டுப் பின்னால் ளகர எழுத்தை அடித்திருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது. அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பில்லாக் குறி, 8204, ஒட்டிக்கொண்டிருந்தாலும் என்எஃப்சி அகற்றாது. அதைத் தனியே ரீப்ளேஸ் செய்ய வேண்டும்.

பைத்தான் நிரலில் மாறியின் பெயரைத் தமிழில் வைத்தால் மொழியே அதை இயல்பாக்கிக்கொள்ளும். தொலைவு என்ற மாறியை எப்படி அடித்தாலும் அது ஒரே மாறிதான். மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. இதனால்தான் "என் நிரலில் சரியாகத்தானே வருகிறது" என்ற குழப்பம் எழுகிறது.

மூன்றாவது, முழு எண் கீகள். தடவாரியாக எண்ணிக்கை வைத்த டிக்ஷனரியில் கீகள் 2, 10 என்று எண்களாக இருந்தால், சார்ட்_கீஸ் அவற்றை எண்களாகவே அடுக்கி, பிறகு ஸ்ட்ரிங்காக்கும்: "2", "10". இதே எழுத்தை லோட்ஸ் செய்து மறுபடி டம்ப்ஸ் செய்தால், இப்போது கீகள் ஸ்ட்ரிங்குகள். வரிசை "10", "2". ஒரே தரவு, நினைவகத்திலிருந்து ஒரு ஹாஷ், ஃபைலிலிருந்து படித்தால் வேறு ஹாஷ். எண்ணும் ஸ்ட்ரிங்கும் கலந்த கீகள் இருந்தால் சார்ட்_கீஸ் டைப் எரர் தந்து நின்றுவிடும். அது நல்லதுதான்: சார்ட்_கீஸ் இல்லாவிட்டால் 1, "1" என்ற இரண்டு கீகளும் ஒரே பெயரில் இரண்டு முறை எழுதப்பட்டு, படிக்கும்போது ஒன்று காணாமல் போகும். எழுதும் முன்பே எல்லாக் கீகளையும் ஸ்ட்ரிங்காக்கிவிடுவதுதான் வழி.

இரட்டைக் கீயைப் பற்றியும் ஒரு சொல். ஒரு பதிவில் "எண்" இரண்டு முறை வந்தால் லோட்ஸ் வாய் திறக்காது. மதிப்பு கடைசியாக வந்தது. இடம் முதலில் வந்தது. ஆப்ஜெக்ட்_பேர்ஸ்_ஹூக்குக்கு ஒரு சிறு செயற்கூறு கொடுத்து, வந்த இணைகளின் எண்ணிக்கையும் டிக்ஷனரியின் நீளமும் வேறானால் பிழை எழுப்பச் செய்யலாம். நான்கு வரி வேலை, கட்டாயம் செய்ய வேண்டியது.

சீராக்கும் செயற்கூறு

ஆக, டம்ப்ஸுக்கு முன் பதிவை ஒரு செயற்கூறு வழியாகச் செலுத்த வேண்டும். டிக்ஷனரி வந்தால்: கீ ஸ்ட்ரிங் இல்லையென்றால் பிழை, ஸ்ட்ரிங் என்றால் என்எஃப்சி, அப்படி மாற்றிய கீ ஏற்கெனவே புதிய டிக்ஷனரியில் இருந்தால் மறுபடியும் பிழை, ஏனென்றால் ஒரே பதிவில் இரண்டு விதமான "தொலைவு" இருந்திருக்கிறது, எது சரி என்று நிரல் தீர்மானிக்கக் கூடாது, மதிப்பை அதே செயற்கூற்றுக்குத் திரும்ப அனுப்புவது. லிஸ்ட் வந்தால் உறுப்பு ஒவ்வொன்றையும் அனுப்பி, வந்த வரிசையிலேயே திரும்ப அடுக்குவது. ஸ்ட்ரிங் வந்தால் என்எஃப்சி. மற்றவை அப்படியே. எண்களுக்கான புல விதிகள் இதற்கு முன்பே தனியாக ஓடிவிட வேண்டும்.

லிஸ்டையும் சேர்த்து வரிசைப்படுத்திவிடலாமே என்று கை துறுதுறுக்கும். கூடாது. இடத் தரவுக்கான ஜேசான் வடிவமாகிய ஜியோஜேசானின் வரையறையான ஆர்எஃப்சி 7946-ன்படி ஆள்கூற்றில் முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. [80.19, 13.07] என்பது கோயம்பேடு. அதை வரிசைப்படுத்தினால் [13.07, 80.19], அது ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடல். ஒரு நிறுத்தம் வழியாகச் செல்லும் தடங்களின் லிஸ்ட் போல வரிசைக்குப் பொருளில்லாத புலம் இருந்தால், அந்தப் புலத்தின் பெயரைச் சொல்லி அதை மட்டும் வரிசைப்படுத்த வேண்டும். டிக்ஷனரிகள் அடங்கிய லிஸ்டாக இருந்தால் சார்ட்டட் டைப் எரர் தரும். எந்தக் கீயை வைத்து அடுக்குவது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

சார்ட்_கீஸ் தரும் வரிசை யூனிகோட் எண் வரிசை, நம் அகராதி வரிசை அல்ல. றகரம் 2993, லகரம் 2994 என்பதால் "மறை" முந்தி "மலை" பிந்தி வரும். னகரம் பகரத்துக்கு முன் வந்து நிற்கும். புள்ளியின் எண் ஐகாரக் குறியின் எண்ணைவிடப் பெரியது என்பதால் "கலை"க்குப் பிறகுதான் "கல்". ஹாஷுக்கு இது பொருட்டே இல்லை. ஆட்கள் படிக்கிற பட்டியலுக்கு இந்த வரிசையைக் கொடுத்தால் மட்டும் தவறு.

சத்தமில்லாமல் உடையும் இடம்

ஹாஷ் தவறாக எச்சரித்தால் ஒரு காலைப்பொழுது வீணாகும், அவ்வளவுதான். அதே வரிசை மாற்றம் தரவையே கெடுக்கும் இடம் ஒன்று அநேகமாக அதே ஸ்கிரிப்டில் இருக்கும். அதைத் தேடிப் பிடிக்காமல் வேலையை முடித்துவிடக் கூடாது.

நிரல் முழுவதிலும் .வேல்யூஸ்() என்று தேடவும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ரைட்டருக்குப் பதிவு.வேல்யூஸ்() என்று நேராகக் கொடுத்திருந்தால், நேற்றுவரை எண், பெயர், தொலைவு, இடம் என்ற தலைப்புகளின் கீழ் சரியாக விழுந்த மதிப்புகள், இன்று பெயரின் கீழ் ஆள்கூறும், தொலைவின் கீழ் பெயரும், இடத்தின் கீழ் தொலைவும் என்று விழும். எந்தப் பிழையும் வராது. லிஸ்டைக்கூட ஸ்ட்ரிங்காக்கி எழுதிவிட்டுப் போகும். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் கேள்விக்குறி இடங்களுக்கு டியூப்பிள் கொடுத்திருந்தாலும் இதே கதி. இங்கே "இடம்" லிஸ்டாக இருப்பதால் பிழை காட்டி நிற்கும். எல்லாம் எண்ணும் எழுத்துமாக இருந்தால் எஸ்க்யூலைட் வகையைக் கறாராகப் பார்ப்பதில்லை என்பதால் ஏற்றுக்கொண்டுவிடும்.

சிஎஸ்விக்கு டிக்ட்ரைட்டர். அதற்கான ஃபீல்ட்நேம்ஸ் நிரலில் கையால் எழுதிய பட்டியலாக இருக்க வேண்டும்; முதல் பதிவின் கீகளிலிருந்து எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் மதிப்புகள் சரியான தலைப்பின் கீழ் விழுந்தாலும் நெடுவரிசைகளின் வரிசை நாளுக்கொன்றாகும். முதல் பதிவில் இல்லாத கீ அடுத்த பதிவில் வந்தால் வேல்யூ எரரும் வரும். எஸ்க்யூலைட்டில் முக்காற்புள்ளியோடு பெயர் சொல்லிப் பிணைக்கும் முறையைப் பயன்படுத்தி, டிக்ஷனரியையே கொடுக்க வேண்டும்.

அடுத்து நெக்ஸ்ட்(இட்டர்(பதிவு)) போல "முதல் கீ" எது என்று கேட்கும் வரிகள். நம் எடுத்துக்காட்டில் இரண்டு நாளும் முதல் கீ "எண்"தான். நேற்று அது முதலில் எழுதப்பட்டதால், இன்று அதுதான் ஆகக் குட்டை என்பதால். தற்செயலாகத் தப்பிய இந்த மாதிரி வரிகளை இப்போதே மாற்றிவிடுவது நல்லது. நாளை யாராவது இரண்டு எழுத்தில் "ஊர்" என்று ஒரு புலம் சேர்த்தால் பைட் நீளம் சமமாகி, பைட் வரிசையில் அது முந்திக்கொள்ளும்.

ஃபைல் மிகப் பெரிதாகி ஐஜேசான் என்ற நூலகம் போல ஓடையாகப் படிக்கத் தொடங்கினால், வரிசை வேறொரு விதத்தில் குறுக்கிடும். "வகை" என்ற கீயைப் பார்த்துத்தான் மற்றவற்றை எப்படிப் படிப்பது என்று முடிவு செய்கிறோம் என்றால், அது கடைசியில் வரும் நாளில் அதுவரை வந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்க வேண்டிவரும். மாங்கோடிபி தரவுத்தளத்தில் உள்ளமைந்த ஆவணம் ஒன்றை முழுசாகக் கொடுத்துத் தேடினால் கீ வரிசையும் பொருந்தினால்தான் கிடைக்கும். புள்ளி வைத்துப் புலம் புலமாகத் தேடினால் இந்தத் தொல்லை இல்லை.

கையொப்பம் என்றால் தொடாதீர்கள்

வெப்ஹூக்கில் (பிற சேவை நம் சர்வருக்குத் தானே அனுப்பும் செய்தியில்) வரும் ஜேசானுக்கு எச்மேக் (இரகசியச் சாவி கொண்டு போடும்) கையொப்பம் சரிபார்க்கும்போது மேலே சொன்ன சீராக்கல் எதையும் செய்யக் கூடாது. அனுப்பியவர் கையொப்பமிட்டது குறிப்பிட்ட பைட்டுகளுக்கு. லோட்ஸ் செய்து, டம்ப்ஸ் செய்து, அதற்குக் கையொப்பம் கணக்கிட்டால், வரிசை சரியாக இருந்தாலும் ஓர் இடைவெளியிலோ 7.0-விலோ தவறும். வந்த உடலை பைட்டாகவே எடுத்து (ஃபிளாஸ்க்கில் ரிக்வெஸ்ட்.கெட்_டேட்டா, ஜாங்கோவில் ரிக்வெஸ்ட்.பாடி) முதலில் எச்மேக்.கம்பேர்_டைஜஸ்ட்டால் சரிபார்த்து, அதன் பிறகே லோட்ஸ்.

ஆப்ஜெக்டுக்கே கையொப்பமிட்டு வெவ்வேறு மொழிகளில் சரிபார்க்க வேண்டியிருந்தால், சொந்தமாக ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்காமல் 2020 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 8785-ஐப் பின்பற்றலாம். அதில் எண்கள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் விதத்திலேயே எழுதப்படும், 7.0 என்பது 7. கீகள் யூடிஎஃப்-16 அலகுகளின்படி வரிசையாகும். தமிழ் எழுத்துகள் 2944 முதல் 3071 வரை உள்ள கட்டத்தில் இருப்பதால் பைத்தானின் வரிசையும் அதுவும் ஒன்றே. கீயில் இமோஜி வந்தால் இரண்டும் பிரியலாம். என்எஃப்சியை அந்த வரையறை செய்வதில்லை. கையொப்பமிடும் முன் தரவை உருவாக்குகிற இடத்திலேயே செய்திருக்க வேண்டும்.

மாற்றி அமைக்கும் இரவு

புதிய செயற்கூற்றைப் போட்ட முதல் இரவில் எல்லா ஹாஷும் பழையவற்றோடு பொருந்தாது. மறுபடியும் அத்தனை பதிவும் மாறியதாக வரும். இறக்கிய மூல ஃபைல் நேற்றையது இருந்தால், அதற்குப் புதிய ஹாஷைக் கணக்கிட்டுச் சேமித்துவிட்டுத் தொடங்கலாம். இல்லாவிட்டால் அன்று ஒரு நாள் எச்சரிக்கையை நிறுத்தி வைக்க வேண்டும். அன்றைய உண்மையான மாற்றங்கள் தப்பிப்போகும் என்பதைத் தெரிந்தே. எப்படியானாலும் ஹாஷின் முன்னால் "வ2:" போல ஒரு பதிப்பு அடையாளத்தைச் சேர்க்கவும். அடுத்த முறை விதி மாறும்போது, பதிவு மாறியதா விதி மாறியதா என்று நிரலே பிரித்தறியும். இறக்கிய மூல ஃபைல்களை ஒரு வாரத்துக்காவது அழிக்காமல் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காக.

திருத்தம் நிற்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. ஒரு பதிவின் ஐட்டம்ஸை லிஸ்டாக்கி, ரேண்டம்.ஷஃபிள் செய்து, திரும்ப டிக்ஷனரியாக்கி ஹாஷ் எடுப்பது. உள் அடுக்குகளுக்கும் அதையே செய்வது. 100 முறை செய்து ஹாஷ்களை ஒரு செட்டில் போட்டால் அதன் நீளம் 1 ஆக இருக்க வேண்டும். அதே பதிவில் ஒகரத்தைப் பிரித்து எழுதிய "தொலைவு", 7.5-க்குப் பதில் 7.50 இரண்டையும் கொடுத்தாலும் அதே ஹாஷ். பிறகு எதிர்ச்சோதனை: ஆள்கூறுகள் இரண்டையும் இடம் மாற்றினால், பெயரில் ஒரு புள்ளியை எடுத்தால், "தொலைவு" கீயை நீக்கினால், அதற்கு "நல்" என்ற வெற்று மதிப்பு கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஹாஷ் வர வேண்டும். கடைசி இரண்டும் ஒரே ஹாஷைத் தந்தால், சீராக்கும் செயற்கூறு எங்கோ டிக்ஷனரியின் கெட் செயற்கூற்றைப் போட்டு இல்லாத கீயை "நல்" ஆக்கிக்கொண்டிருக்கிறது.